கொடுத்தோம், கேட்டோமா?

திருவிழாக் காலம் வந்துவிட்டால் நம் பங்குகளில் கொடியேற்றம், நவநாள் திருப்பலி, தேர்ப்பவனி, அசனம் என்று பத்து நாளும் ஓய்வு இராது. இவற்றோடு ஏழைகளுக்கு நலத்திட்ட உதவிகள் வழங்கும் நிகழ்ச்சியும் பல ஊர்களில் நிலையான இடம் பிடித்துவிட்டது. தையல் இயந்திரம், மூன்று சக்கர வண்டி, பள்ளிப் பை, அரிசி மூட்டை என ஒவ்வொரு வீடாக வசூலித்து, பொருள்களை வாங்கி, மேடையில் பெயர் வாசித்து வழங்குகிறோம். கைதட்டல் எழுகிறது. நம் மனமும் நிறைகிறது.

நல்ல செயல்தான். ஆனாலும் இதைப் பற்றி நாம் சற்று அமர்ந்து சிந்திக்க வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு விழாக்குழுவில் இருந்தபோது நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம்.

அந்த ஆண்டு ஐந்து கைம்பெண்களுக்குத் தையல் இயந்திரம் கொடுத்தோம். நிகழ்ச்சி முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர்களில் ஒருவர் ஓரமாக வந்து நின்றார். "கோவிச்சுக்காதீங்கய்யா, இதை நான் வித்துக்கலாமா?" என்று கேட்டார். எங்களுக்குச் சுருக்கென்றது. பேசிப் பார்த்தபோதுதான் விவரம் தெரிந்தது. அவருக்குத் தைக்கத் தெரியாது. கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போகிறவர். அவருடைய தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வருவதில்லை. அடுத்த தெருக் குழாயில் வரிசையில் நின்று குடங்களை நிரப்பிக்கொண்டு திரும்புவதற்குள், ஆட்களை ஏற்றிப்போகும் வண்டி புறப்பட்டுவிடும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கூலி இப்படியே போய்விடுகிறது. "தண்ணி மட்டும் வந்தாப் போதும்யா, மத்ததை நான் பாத்துக்குவேன்" என்றார்.

வசூலுக்காக ஊரில் எல்லா வீட்டுக் கதவையும் தட்டிய நாங்கள், அவர் வீட்டுக் கதவைத் தட்டி, 'உங்களுக்கு என்னம்மா வேண்டும்' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தமிழில் 'கேட்டல்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒருவரிடம் வினவுவதும் கேட்டல். அவர் சொல்வதற்குச் செவி கொடுப்பதும் கேட்டல். நாங்கள் கொடுத்தோம். ஆனால் இந்த இரண்டு பொருளிலுமே கேட்கவில்லை. ஊர் கூடி நடத்துகிற உதவி நிகழ்ச்சிகளுக்குள் இந்தக் கேட்டலை எப்படிக் கொண்டுவருவது? அதற்கு நம் மண்ணிலும் மறைநூலிலும் வரலாற்றிலும் நமக்குப் பாடங்கள் இருக்கின்றன.

உதவி பெறுபவரே விருந்து வைக்கிறார்

தஞ்சை மாவட்டத்தில் பேராவூரணி, புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் 'மொய் விருந்து' என்னும் வழக்கம் இருப்பதை நாம் அறிவோம். ஆடி, ஆவணி மாதங்களில் இது மும்முரமாக நடைபெறும். பணத் தேவை உள்ளவர் அழைப்பிதழ் அச்சடித்து, உற்றார் உறவினருக்கும் ஊராருக்கும் கொடுக்கிறார். வந்தவர்களுக்கு ஆட்டுக்கறியோடு விருந்து பரிமாறப்படுகிறது. சாப்பிட்டவர்கள் தங்களால் இயன்ற மொய்யை எழுதிவிட்டுப் போகிறார்கள். பந்தல் செலவையும் சமையல் செலவையும் குறைப்பதற்காகப் பலர் சேர்ந்து ஒரே இடத்தில் விருந்து வைப்பதும் உண்டு. அப்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நோட்டும் மொய் எழுதும் ஆளும் இருப்பார்கள்.

மொய்ப்பணம் இனாம் அல்ல. இன்று நமக்கு மொய் எழுதியவர் நாளை விருந்து வைக்கும்போது, அதே தொகையோடு நம்மால் இயன்றதைக் கூடுதலாகச் சேர்த்து அவருக்கு எழுத வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஈடு கிடையாது. நோட்டில் எழுதிய பெயரும், ஊரார் முன்னிலையில் பிறந்த நம்பிக்கையுமே இதற்கு உத்தரவாதம். ஒருவர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை விருந்து வைப்பார். அந்தப் பணத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டவர்கள், மகளுக்குத் திருமணம் செய்துவைத்தவர்கள், கடை தொடங்கியவர்கள், கந்துவட்டிக் கடனிலிருந்து மீண்டவர்கள் ஏராளம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே உதவி பெறுகிறவர் கையேந்தி நிற்கவில்லை. அவர்தான் விருந்து வைக்கிறார். வாசலில் நின்று, "வாங்க, வாங்க" என்று வரவேற்கிறார். இலை போட்டுப் பரிமாறுகிறார். உதவுகிறவர் அவர் வீட்டு விருந்தாளியாகிறார். ஆகவே வாங்குகிறவரின் தலை தாழ்வதில்லை. நம்முடைய மேடைகளிலோ கொடுப்பவர் மாலையோடு நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். வாங்குபவர் வரிசையில் நிற்கிறார். ஒரு நிமிடம் மேலே வந்து, புகைப்படத்துக்கு முகம் காட்டிவிட்டு இறங்கிப் போகிறார்.

திருப்பித் தர இயலாதவர் எங்கே போவார்?

மொய் விருந்திலும் குறை உண்டு. திருப்பிச் செய்ய இயலும் என்ற நிலையில் இருப்பவருக்குத்தான் அங்கே இடம். நிலமும் உறவும் வருமானமும் இல்லாதவர் அழைப்பிதழ் அச்சடிக்க முடியாது. அச்சடித்தாலும் வருவார் இல்லை. மேலும், மொய் திரும்பச் செய்யும் காலத்தில் கையில் பணம் இல்லாவிட்டால் அதற்காகவே கடன் வாங்க வேண்டிய நிலையும் வருகிறது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது, இந்தப் பகுதிகளின் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. தென்னை மீண்டும் காய்க்க ஆண்டுகள் பல ஆகும். மொய் நோட்டோ காத்திருக்காது. தோப்பை நம்பி மொய் எழுதியவர்களும் வாங்கியவர்களும் தவித்தார்கள்.

இங்கேதான் ஆண்டவர் இயேசு பரிசேயர் தலைவர் ஒருவருடைய வீட்டு விருந்தில் சொன்ன அறிவுரை நம் நினைவுக்கு வருகிறது (லூக்கா 14:12-14). நண்பரையும் உறவினரையும் செல்வரான அண்டை வீட்டாரையும் மட்டும் அழைக்காதே. அவர்கள் உன்னைத் திரும்ப அழைத்துவிடுவார்கள். ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழை. அவர்களால் உனக்குக் கைம்மாறு செய்ய இயலாது. அதுவே உனக்குப் பேறு. இதுதான் அந்த அறிவுரையின் சாரம். மொய் எழுதிப் பழகிய மண்ணில் பிறந்த நமக்கு இதன் கூர்மை மற்றவர்களைவிட நன்றாகவே விளங்கும். கணக்கு நோட்டைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டுப் பந்தி போடச் சொல்கிறார் இயேசு.

ஆனால் அவர் ஏழைகளுக்கு உணவை அனுப்பிவைக்கச் சொல்லவில்லை என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். அவர்களை அழைக்கச் சொல்கிறார். பந்தியில் உட்கார்ந்தால் பேச்சு வரும். ஒரே இலை வரிசையில் அமர்ந்து, சாம்பாருக்காகக் காத்திருக்கும் அந்த ஐந்து நிமிடத்தில் ஒருவர் கதையை ஒருவர் அறிந்துகொள்வார்.

மொய் விருந்து நடத்தும் அதே மக்கள் இந்த அடுத்த படியையும் ஏறிக் காட்டியிருக்கிறார்கள். 2022-இல் இலங்கை கடும் பொருளாதார நெருக்கடியில் சிக்கி, மக்கள் எரிபொருளுக்கும் மருந்துக்கும் வரிசையில் நின்றபோது, புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தேநீர்க் கடைக்காரர் தம் கடையிலேயே மொய் விருந்து வைத்தார். தேநீர் குடிக்க வந்தவர்கள் விலைக்குப் பதில் தங்களால் இயன்றதை மொய்யாகப் போட்டார்கள். கடலுக்கு அப்பால் இருப்பவர்கள் திரும்ப வந்து மொய் செய்யப்போவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் போட்டார்கள். பழைய வழக்கத்தின் உருவம் அப்படியே இருக்க, கைம்மாறு எதிர்பார்க்கும் கணக்கு மட்டும் அதிலிருந்து நீங்கிவிட்டது.

முறையீட்டுக்குச் செவி கொடுத்த சபை

கைம்மாறு செய்ய இயலாதவருக்கு உதவும்போதுதான் நமக்கு ஓர் ஆபத்து நேர்கிறது. 'இலவசமாகக் கொடுக்கிறோம், இதில் அவர்கள் குறை சொல்ல என்ன இருக்கிறது' என்று நாம் நினைத்துவிடுகிறோம். தொடக்கத் திருச்சபையில் இப்படியொரு குறை எழுந்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் ஆறாம் அதிகாரத்தில் மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது.

எருசலேமில் நாள்தோறும் ஏழைகளுக்குப் பங்கீடு நடந்துவந்தது. அதில் எங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள். எபிரேய மொழி பேசுவோரும் கிரேக்க மொழி பேசுவோரும் கலந்திருந்த சபை அது. திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? முறையிட்டவர்களை அதட்டி அனுப்பவில்லை. நாலு பேர் அறைக்குள் கூடி முடிவெடுக்கவும் இல்லை. சீடர்கள் அனைவரையும் ஒன்றாக அழைத்தார்கள். சிக்கலை எல்லார் முன்னும் வைத்தார்கள். நற்சான்று பெற்ற எழுவரை நீங்களே தேர்ந்தெடுங்கள் என்றார்கள். சபை தேர்ந்தெடுத்த ஸ்தேவான், பிலிப்பு முதலிய எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள் என்பதை விவிலிய அறிஞர்கள் சுட்டிக்காட்டுவார்கள். புறக்கணிக்கப்பட்டதாக முறையிட்ட தரப்பின் கையிலேயே பந்திப் பொறுப்பு வந்து சேர்ந்தது என்று இதிலிருந்து நாம் புரிந்துகொள்ளலாம்.

நம் ஊரில் இது நடக்குமா? 'போன வருஷம் எங்க தெருவுக்கு ஒன்னும் வரலையே' என்று ஒருவர் கேட்டால், அடுத்த ஆண்டு அவரையே குழுவில் சேர்க்க நமக்கு மனம் வருமா?

ஒரு கேள்வியில் பிறந்த சபை

பொது விவாதத்திலிருந்து அறச்செயல் பிறந்ததற்கு நமக்கெல்லாம் தெரிந்த எடுத்துக்காட்டு, நம் பங்குகளில் பணியாற்றும் வின்சென்ட் தே பவுல் சபையே. பாரீஸ் நகரில் 1832-ஆம் ஆண்டு காலரா பரவி ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். அந்நாள்களில் அங்கே சட்டம் படித்துக்கொண்டிருந்த பிரெடரிக் ஓசானாமும் அவருடைய தோழர்களும் வரலாறு பற்றிய விவாதக் கூட்டங்களை நடத்திவந்தனர். நம்பிக்கை உள்ளவர், இல்லாதவர் என யாரும் அங்கு வந்து பேசலாம். ஒருநாள் எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர் ஓசானாமைப் பார்த்து, பழைய காலத்தில் உங்கள் திருச்சபை பெரிய காரியங்களைச் செய்ததை ஒத்துக்கொள்கிறோம், ஆனால் இன்று ஏழைகளுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்ற பொருளில் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மேடையிலேயே ஒரு மறுமொழி சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கலாம். ஓசானாம் அந்தக் கேள்வியை மனத்தில் வாங்கிக்கொண்டார். 1833 ஏப்ரல் 23 அன்று, தமக்கு இருபது வயது நிறைந்த நாளில், சில தோழர்களோடு முதல் கூட்டத்தைக் கூட்டினார். ஏழைகள் நிறைந்த மூப்தார் பகுதியில் பணியாற்றிய அருட்சகோதரி ரோசலி ரெந்து அவர்களுக்கு வழிகாட்டினார். அவர்கள் செய்த முதல் வேலை, ஏழைகளை அவர்களுடைய வீடுகளுக்கே சென்று சந்திப்பது. ரொட்டிக்கும் விறகுக்கும் உரிய சீட்டுகளை எடுத்துச் சென்றார்கள். உட்கார்ந்து பேசினார்கள். இன்றும் இச்சபையின் உயிர்நாடி இல்லச் சந்திப்புதான். 150-க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியுள்ள இச்சபை, தன்னை மடக்க எழுந்த ஒரு கேள்விக்குச் செவி கொடுத்ததால் பிறந்தது. ஓசானாமை 1997-இலும் ரோசலி ரெந்துவை 2003-இலும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அருளாளர்களாக உயர்த்தினார்.

தர்மம் தீர்க்க முடியாதவை

தையல் இயந்திரம் வாங்கிய அந்த அம்மாவின் கதைக்குத் திரும்புவோம். அவர் கேட்டது தண்ணீர். அதை எந்த விழாக்குழுவும் வசூல் செய்து கொடுத்துவிட முடியாது. கொடுக்கவும் கூடாது. ஏனெனில் அது அவருடைய உரிமை. அதைக் கேட்க வேண்டிய இடம் கிராம சபை.

1992-இல் நிறைவேறி 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் தந்தது. அதைத் தொடர்ந்து 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாருமே கிராம சபையின் உறுப்பினர்கள். யாரும் யாரையும் நியமிக்க வேண்டியதில்லை. சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு நாள் இது கூட வேண்டும். ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கு அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். குடிநீர், தெருவிளக்கு, சாலை, வடிகால் பற்றி யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், தீர்மானம் கோரலாம்.

இதற்குக் குறைந்த அளவு வருகையும் சட்டப்படி வரையறுக்கப்பட்டிருக்கிறது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். நம் அசனப் பந்திக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் எழுந்து நடந்தாலே போதும், எத்தனையோ ஊர்களில் இந்த எண்ணிக்கை நிறைந்துவிடும். ஆனால் ஆகஸ்டு 15 அன்று நாம் என்ன செய்கிறோம்? அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாத் திருப்பலி முடிந்து, கொடியேற்றி, மிட்டாய் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறோம். சற்றுத் தொலைவில் ஊராட்சிக் கூட்டத்தில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன.

நகரங்களில் வாழ்வோருக்கும் இத்தகைய வாய்ப்பு உண்டு. தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கப்பட்டன.

நாம் செய்யக் கூடியவை

பெரிய செலவு இல்லாமல் எந்தப் பங்கும் எந்த ஊர்க்குழுவும் இவற்றைச் செய்யலாம்:

1. வசூலுக்குப் போகும் முன் சந்திப்புக்குப் போவோம். உதவி தேவைப்படும் வீடுகளுக்கு இருவர் இருவராகச் சென்று உட்கார்ந்து கேட்போம். என்ன பொருள் வாங்குவது என்பதை அதன் பிறகு முடிவு செய்வோம்.

2. சென்ற ஆண்டு உதவி பெற்றவர்களில் இருவரையாவது இந்த ஆண்டுக் குழுவில் சேர்ப்போம். எருசலேம் சபை நமக்குக் காட்டிய வழி இது.

3. மேடையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதை விட்டுவிடுவோம். வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தால் விழாவின் சிறப்பு எந்த வகையிலும் குறைந்துவிடாது.

4. விருந்து என்றால் ஒரே பந்தி. கொடுத்தவரும் பெற்றவரும், எல்லாச் சமயத்தாரும், எல்லாத் தெருவினரும் கலந்து உட்காரட்டும். தனி அறையில் முக்கியப் பிரமுகர் பந்தி வேண்டாம்.

5. வசூலான தொகையையும் செலவையும் ஒரு வாரத்துக்குள் எல்லார் முன்னும் வாசிப்போம். மொய் நோட்டில் எவ்வளவு துல்லியமாக எழுதுகிறார்களோ, அந்தத் துல்லியம் நம் கணக்கிலும் இருக்கட்டும்.

6. விழா முடிந்த பின் அரைமணி நேரம் ஊர்ப் பேச்சுக்கு ஒதுக்குவோம். அங்கே எழும் குறைகளில் நம்மால் தீர்க்கக் கூடியவை எவை, கிராம சபைக்குக் கொண்டுபோக வேண்டியவை எவை என்று பிரித்து எழுதிக்கொள்வோம்.

திருவழிபாட்டு ஆண்டின் பொதுக்காலம் 33-ஆம் ஞாயிறு, 2017 முதல் வறியோர் உலக நாளாகக் கொண்டாடப்படுகிறது. இதை ஏற்படுத்திய மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், அந்த முதல் ஆண்டிலேயே ஏழைகளை வத்திக்கானுக்கு அழைத்து அவர்களோடு ஒரே அரங்கில் அமர்ந்து உணவருந்தினார். இந்த ஆறு செயல்களில் ஏதேனும் ஒன்றை அந்த ஞாயிறன்று தொடங்கிப் பார்க்கலாமே.

அந்த அம்மாவிடமிருந்து தையல் இயந்திரத்தைத் திரும்ப வாங்கி, தையல் தெரிந்த வேறொருவருக்குக் கொடுத்தோம். அதற்கு ஈடான தொகையை அவருக்குக் கொடுத்து, எங்கள் தவறுக்கு வருத்தமும் தெரிவித்தோம். அடுத்து வந்த கிராம சபைக்கு அவருடைய தெருப் பெண்கள் பதினைந்து பேரோடு நாங்களும் போனோம். அவருக்காக நாங்கள் பேசுவதாகத்தான் முதலில் ஏற்பாடு. ஆனால் அவரே எழுந்துவிட்டார். எத்தனை மணிக்கு எழுந்து எந்தக் குழாயில் நிற்கிறார், எத்தனை நாள் கூலி போகிறது என்று நிறுத்தாமல் சொன்னார். கூட்டம் அமைதியாகக் கேட்டது. குழாய் உடனே வந்துவிடவில்லை. மூன்று கிராம சபைகளில் அவர்கள் கேட்ட பிறகே வந்தது.

அடுத்த ஆண்டுத் திருவிழாவில் அவர் எங்கள் குழுவில் இருந்தார். முதல் கூட்டத்திலேயே அவர் எங்களைப் பார்த்துக் கேட்டது: "இந்த வருஷம் யாருக்கு என்ன வேணும்னு கேட்டுட்டீங்களா?"

நம் ஒவ்வொரு விழாக்குழுவும் இந்தக் கேள்வியோடு தன் பணியைத் தொடங்கட்டும்.